சீனியர் ஹோமில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு: முதல் மூன்று மாதம்

கோயம்புத்தூரில் வடவள்ளி, பேரூர், தொண்டாமுத்தூர் பக்கம் போனால் சீனியர் ஹோம் பலகைகளை நிறையவே பார்க்கலாம். அவற்றில் ஒரு வகை, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களுக்கான தனி வீடுகள். இன்னொரு வகை, குளிக்க, உடுத்த, மருந்து சாப்பிட ஆள் துணையோடு ஓர் அறையில் இருக்கும் அசிஸ்டட் லிவிங். இந்த இரண்டாவது வகைக்குப் போகிறவர்களுக்காக எழுதியது இது. பெட்டி கட்டிக் கொடுக்கும் பிள்ளைகளும் படிக்கலாம்.

சேரும்போது எல்லோரும் விசாரிப்பது டெபாசிட் எவ்வளவு, மாதம் எவ்வளவு, சாப்பாடு எப்படி, பக்கத்தில் ஆஸ்பத்திரி உண்டா என்பதைத்தான். கேட்க வேண்டியவைதான். ஆனால் சேர்ந்த பிறகு ஆள் தளர்ந்துபோவது பெரும்பாலும் வேறு காரணத்தால். முதல் மாதம் காபி அறைக்கே வருகிறது, துணி துவைத்து மடித்து வருகிறது, "நீங்க உட்காருங்கம்மா, நான் எடுத்துத் தரேன்" என்று ஒரு பெண் ஓடி வருகிறாள். இரண்டாம் மாதம் பொழுது போகவில்லை. மூன்றாம் மாதம் நாற்காலியிலிருந்து எழவே ஒரு கை வேண்டியிருக்கிறது. இதில் வயதின் பங்கு கொஞ்சம்தான், பழக்கம் விட்டுப்போனதன் பங்கு அதிகம். ஆகவே முடிகிற வேலையைக் கைவிடாமல் இருப்பதும் நாலு பேரோடு பழகுவதும்தான் இங்கே முதல் மருந்து. கீழே உள்ளவை எல்லாம் அதற்கான வழிகள்.

1. சேருவதற்கு முன்: ஒரு பக்கத் தாள்

ஒரு தாளில் ஆறு விஷயங்களை வரிசையாக எழுதுங்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய் வருவது, படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுவது, சிறுநீர் மலத்தை அடக்க முடிவது, தானே சாப்பிடுவது. பராமரிப்பு எவ்வளவு தேவை என்று முடிவு செய்ய நர்ஸ்கள் பார்ப்பதும் ஏறக்குறைய இதே ஆறைத்தான். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: 'நானே செய்வேன்', 'பக்கத்தில் ஆள் நின்றால் போதும்', 'கை கொடுக்க வேண்டும்'.

நடுவில் இருக்கும் 'பக்கத்தில் ஆள் நின்றால் போதும்' என்பதுதான் முக்கியமானது. காலை ஒன்பது மணிக்குள் ஏழெட்டுப் பேரைக் குளிப்பாட்டி முடிக்க வேண்டிய அட்டெண்டருக்கு, நீங்கள் சோப்புப் போட்டு முடிக்கும்வரை காத்திருப்பதைவிடத் தானே போட்டுவிடுவது சுலபம். அவர் மேல் தப்பில்லை, நேரம் அப்படி. அதனால் "முதுகும் காலும் மட்டும் தேய்த்துவிடு, மற்றதை நானே பார்த்துக்கொள்கிறேன், கொஞ்சம் நில்லு" என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அவசரம் அவருடையது என்றால், உங்கள் குளியலைப் பத்து மணிக்கு மாற்றிக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

இந்தத் தாளில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பொறுப்பு சிஸ்டரிடம் கொடுங்கள், ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் பல இடங்களில் உதவியின் அளவைப் பொறுத்துப் படிப்படியாக ஏறும். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்து திரும்பினால் உதவி ஒரு படி கூடும், கட்டணமும் கூடும், அது நியாயம். உடம்பு தேறிய பிறகு அதைத் தானாக யாரும் இறக்கிவிட மாட்டார்கள், கேட்டால்தான் இறங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து இந்தத் தாளைத் திருப்பிப் பார்ப்பது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

2. பத்து நாள் தங்கிப் பாருங்கள்

நல்ல இடங்கள் தற்காலிகமாகத் தங்க விடும். பத்து நாளாவது தங்குங்கள், அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வர வேண்டும். வார நாளில் சுற்றிக் காட்டும்போது எல்லா இடமும் அழகுதான். ஞாயிறு மாலை எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பதில்தான் தெரியும். இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை கூப்பிடு மணியை அழுத்தி, ஆள் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். "சும்மா சரிபார்த்தேன் தம்பி" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். போன மாதப் பட்டியல் இன்னும் தொங்குகிறதென்றால் அங்கே நிகழ்ச்சிகள் காகிதத்தில்தான் நடக்கின்றன. பொது ஹாலில் நாற்காலிகள் சுவரோரமாக டிவியைப் பார்த்தபடி வரிசையாகக் கிடக்கின்றனவா, நாலு நாலாக முகம் பார்த்துப் போட்டிருக்கின்றனவா? முதல் வகை ஹாலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், ஒருவர் வாயிலிருந்தும் பேச்சு வராது.

3. அறையில் என்ன வைக்கலாம், என்ன கூடாது

இரண்டு நாற்காலி கொண்டுபோங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று வருகிறவருக்கு. ஒற்றை நாற்காலி இருக்கும் அறைக்கு வருகிறவர்கள் வாசற்படியிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள், அல்லது கட்டிலில் உட்காரக் கூச்சப்பட்டு வராமலே இருப்பார்கள். இரண்டுக்கும் கைப்பிடி இருக்க வேண்டும், உட்காரும் உயரம் 17, 18 அங்குலம். அமிழ்ந்து போகிற சோபா வேண்டாம், எழ முடியாது. கட்டிலும் அப்படியே, ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும்.

வீட்டிலிருந்து கால் மிதியடி, சின்னக் கார்பெட், குட்டை டீப்பாய் எதையும் கொண்டு வராதீர்கள். தடுக்கி விழுவது இவற்றில்தான். குளியலறையில் துண்டு தொங்கவிடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும் பழக்கம் பலருக்கு உண்டு. அது இரண்டு சின்ன ஸ்க்ரூவில் நிற்பது, உடம்பின் பாரத்தைத் தாங்காது, ஆளோடு சேர்ந்து பெயர்ந்து வந்துவிடும். கழிப்பறைக்கும் குளிக்கும் இடத்துக்கும் தனித்தனியாகச் சுவரில் ஆழப் பதித்த கைப்பிடி இருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால் திறக்கவே முடியாது.

எல்லாத் துணியிலும் அறை எண்ணை நூலால் தையுங்கள், காலர் உள்பக்கம், புடவை என்றால் முந்தானைக்கு எதிர்முனையில். வேட்டியும் வெள்ளை உள்பாவாடையும் சலவையில் மாறிப்போவதுதான் இங்கே தினசரிச் சண்டை. பல்செட் டப்பாவிலும் பெயர் எழுதுங்கள். சாப்பிடும்போது உறுத்துகிறது என்று கழற்றி டிஷ்யூ பேப்பரில் சுற்றித் தட்டோரம் வைப்பார்கள், தட்டு எடுக்க வருகிறவர் பேப்பர் என்று குப்பையில் போட்டுவிடுவார். புதுசு செய்து, ஈறில் பொருந்தப் பல நாள் ஆகும், அதுவரை கஞ்சிதான். சட்டைப்பையில் ஒரு சின்ன டப்பா இருந்தால் இந்த வம்பே இல்லை.

பில்டர், டபரா டம்ளர், சாமி படம், தையல் டப்பா, பழைய ரேடியோ என்று கை தினமும் தொடுகிற சாமான்கள் எதுவானாலும் கொண்டு வரலாம். இண்டக்ஷன் அடுப்புக்கு அனுமதி இருக்காது. கெட்டிலுக்குப் பெரும்பாலும் உண்டு, வெந்நீர் ஊற்றி டிகாக்ஷன் இறக்க அது போதும். மெஸ் காபி வாய்க்கு ஒத்துவராதவர் நிச்சயம் பக்கத்து அறையில் ஒருவராவது இருப்பார், அவரைக் கூப்பிட இதைவிட நல்ல சாக்கு கிடையாது.

4. முதல் வாரம்: பெயர்களும் டைனிங் ஹாலும்

எல்லோருடைய பெயரையும் தெரிந்துகொள்ள முயலாதீர்கள். முதல் வாரத்துக்கு ஐந்து பேர் போதும்: இடப்பக்க அறை, வலப்பக்க அறை, இரவு நேர அட்டெண்டர், மெஸ் பொறுப்பாளர், மேஜையில் எதிரே உட்காருகிறவர். ஒரு சின்ன நோட்டில் பெயர், அறை எண், ஊர், ஒரு விவரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 'உடுமலை, ஸ்பின்னிங் மில்லில் மேஸ்திரி, சர்க்கரை இல்லாத காபி' என்று இருந்தால் மறுநாள் பேச்சு தானாக ஆரம்பிக்கும். மறதி இருக்கும் பலர் இங்கே இருப்பார்கள், உங்கள் பெயரை நாலு தடவை கேட்பார்கள். நாலு தடவையும் சொல்லுங்கள்.

டைனிங் ஹாலில் யார் எங்கே உட்காருவது என்று எங்கும் எழுதியிருக்காது, ஆனால் எல்லோருக்கும் இடம் உண்டு. காலி நாற்காலி என்று போய் உட்கார்ந்து, ஐந்து நிமிடம் கழித்து ஒரு பெரியவர் தட்டோடு வந்து தலைமாட்டில் நிற்கும்போதுதான் தெரியும். "இங்க யாராவது உட்காருவாங்களா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். முதல் இரண்டு வாரம் காலைச் சிற்றுண்டிக்கு மட்டும் மேஜை மாற்றி மாற்றி உட்கார்ந்து பாருங்கள். மதியமும் இரவும் ஒரே மேஜை. பேச்சு ஒத்துப்போகும் இடம் எது என்று அதற்குள் பிடிபட்டுவிடும்.

கேட்கக் கூடாத கேள்வி ஒன்று: "பசங்க பார்த்துக்கலையா?" எவ்வளவு பிரியமாகக் கேட்டாலும் அது குத்தும். உங்களிடம் யாராவது கேட்டால் "அவங்க அங்க, நான் இங்க, ரெண்டு பேருக்கும் சௌகரியம்" என்று முடித்துவிடலாம். மகன் வாங்கிய வீட்டின் விலையும் வேண்டாம். எந்த ஊர், என்ன வேலை பார்த்தீர்கள், அந்த ஊரில் எந்தக் கடைப் பலகாரம் பேர் போனது என்பதில் தொடங்குங்கள். சேலத்துக்காரரும் காரைக்குடிக்காரரும் அரை மணி நேரம் அடித்துக்கொள்வார்கள், அதுவே நட்பு.

காது மந்தமானவர்கள் நிறையப் பேர் ஒதுங்குவது இந்த ஹாலில்தான். எவர்சில்வர் தட்டும் டம்ளரும் மோதும் சத்தத்தில் பேச்சு ஒன்றும் புரியாது. தப்பாகப் பதில் சொல்லி மற்றவர்கள் சிரித்துவிட்டால், மறுநாளிலிருந்து "சாப்பாட்டை ரூமுக்கே அனுப்புங்க" என்பார்கள். சமையலறைக் கதவிலிருந்தும் தட்டுக் கழுவும் இடத்திலிருந்தும் தள்ளி, முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி, பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும் பக்கமாக உட்காருங்கள். காதில் மெழுகு அடைத்திருக்கிறதா என்று டாக்டரிடம் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது, சில சமயம் பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

காதுக் கருவி உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. பேட்டரி பாக்கெட்டின் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்: அளவு எண் 10 என்றால் மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். ஸ்டிக்கரை உரித்ததும் உடனே உள்ளே போடக் கூடாது. அது காற்று பட்டு வேலை செய்யும் பேட்டரி, ஓரிரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போட்டால்தான் முழு ஆயுள் கிடைக்கும். உரித்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினாலும் செலவாவது நிற்காது. இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள், வியர்வை ஈரம்தான் கருவியின் எமன். பேட்டரியை மாத்திரையோடு ஒரே இடத்தில் வைக்கவே கூடாது. பார்க்க மாத்திரை மாதிரியே இருப்பதால் விழுங்கிவிடுகிறார்கள். அப்படி ஆனால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

5. உடம்பை ஓட்டத்தில் வைப்பது

காலை எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலைப் பத்து முறை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழுந்திருங்கள். படுத்திருந்து எழுந்த மூன்று நிமிடத்துக்குள் மேல் இரத்த அழுத்தம் 20 புள்ளி இறங்கினால் அது தலைசுற்றி விழக்கூடிய நிலை. பிரஷர் மாத்திரையோ புராஸ்டேட் மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள், படுத்து ஒருமுறை நின்று ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லி சிஸ்டரிடம் கேளுங்கள். உட்கார வைத்து மட்டும் பார்த்தால் இது தெரியாது.

இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுவது சர்வசாதாரணம். அந்தப் பயத்தில் மாலைக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். அப்புறம் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தலைசுற்றல். குடிக்க வேண்டிய தண்ணீரைப் பகலிலேயே குடித்துவிட்டு, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியவிடுங்கள். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் தண்ணீர் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கால் பலத்தை நீங்களே அளந்து பார்க்கலாம். 17 அங்குல நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். 75 முதல் 79 வயதுக்குள் உள்ள பெண்கள் 10-க்குக் கீழும், ஆண்கள் 11-க்குக் கீழும் வந்தால் விழும் ஆபத்து அதிகம். 80 முதல் 84 என்றால் 9-ம் 10-ம். குறைவாக வந்தால் பதற வேண்டாம். இதே எழுந்து உட்காருவதையே காலை, மாலை ஐந்தைந்து முறை, முதலில் கைப்பிடியைப் பிடித்து, பிறகு பிடிக்காமல் என்று செய்துவந்தால் எண்ணிக்கை ஏறும். முட்டி ஆபரேஷன் ஆனவர்கள் பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டுத் தொடங்குங்கள்.

வாரத்துக்கு 150 நிமிட நடையும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் என்பது உலக சுகாதார நிறுவனம் முதியவர்களுக்குச் சொல்லும் அளவு. ஒரே மூச்சில் நடக்கத் தேவையில்லை. மூன்று வேளையும் டைனிங் ஹாலுக்கு நடந்தே போய் வந்தாலே கொஞ்சம் கணக்கில் சேரும். தட்டை அறைக்கு வரவழைக்க வேண்டாம் என்பது இதனால்தான். காய்ச்சல் அன்றைக்கு மட்டும் வரவழையுங்கள்.

6. ஒரு வேலையைக் கையில் எடுங்கள்

நிகழ்ச்சி நிரலில் யோகா, பஜனை, பிறந்தநாள் கேக் என்று ஏதாவது இருக்கும். போங்கள். ஆனால் பார்வையாளராகப் போய் உட்கார்ந்து எழுந்து வருவதால் ஒருவர் அந்த இடத்து மனிதராகிவிடுவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் 'இதை இவர்தான் செய்வார்' என்று பேர் சொல்லும் வேலை ஒன்று இருந்தால், அன்றைக்கு அவர் வரவில்லை என்றால் நாலு பேர் கதவைத் தட்டுவார்கள். அந்தத் தட்டல்தான் வேண்டியது.

எப்படிப்பட்ட வேலை? பூஜைக்குப் பூக் கட்டுவது. நூலக அலமாரிச் சாவியை வைத்துக்கொள்வது. பலகையில் தினமும் தேதி, கிழமை, நட்சத்திரம், அன்றைய மெனு எழுதுவது. இது மறதி உள்ளவர்களுக்கு மிகப் பெரிய உதவி, சாக்பீஸ் எழுத்து மூன்று அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது. கண் தெரியாதவர்களுக்கு நாளிதழ் படித்துக் காட்டுவது. அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு 'வலிக்குதா', 'மெதுவா', 'சூடா இருக்கு' என்று நாளைக்கு நாலு தமிழ்ச் சொல் சொல்லிக் கொடுப்பது. கடைசியில் சொன்னதில் உங்களுக்கே லாபம் அதிகம்.

நீங்களாக ஒரு குழுவைத் தொடங்க வேண்டுமானால் நாலு பேர் போதும். நாளிதழ் வாசிப்பை எடுத்துக்கொள்வோம்:

- நாளும் நேரமும் இடமும் மாறக் கூடாது. செவ்வாய், வெள்ளி, காலை பத்தரை, அதே மூலை. காலை மருந்து முடிந்து, மதியச் சாப்பாட்டுக்கு நேரம் இருக்கும் வேளை அது.
- 45 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கழிப்பறை பக்கத்தில் இருக்கும் இடமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் பாதிப் பேர் வரத் தயங்குவார்கள்.
- கால்மணி நேரம் முன்பு ஒருவர் போய்க் கதவைத் தட்டிக் கூப்பிட வேண்டும். ஒலிபெருக்கியில் அறிவித்தாலோ வாட்ஸ்அப்பில் போட்டாலோ ஆள் வராது.
- சக்கர நாற்காலியில் வருகிறவர்களைத் தள்ளிக்கொண்டு வர அட்டெண்டர் யார் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.
- உள்ளூர்ச் செய்தியில் ஆரம்பித்து, காய்கறி விலை, மழை, விளையாட்டு என்று போங்கள். அரசியல் கடைசியில் பத்து நிமிடம். இரங்கல் விளம்பரப் பக்கத்தைப் படிக்க வேண்டாம் (அதை அவரவர் விடியற்காலையிலேயே பார்த்திருப்பார்கள்).

முதல் மூன்று வாரம் இரண்டு பேர்தான் வருவார்கள். விடாதீர்கள், நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். மாலை ஏழு மணிக்கு வைத்தால் சீரியலோடு மோதும், ஜெயிக்க முடியாது.

விளையாட்டில் பல்லாங்குழிக்கு ஈடு இல்லை. பதினான்கு குழியில் காய் எடுத்துப் போடுவதில் விரலுக்கும் வேலை, கணக்குக்கும் வேலை. கை நடுங்குகிறவர்களுக்குப் புளியங்கொட்டையோ பெரிய சோழியோ போடுங்கள். குன்றிமணியை உபயோகிக்காதீர்கள். கறுப்புப் பொட்டு வைத்த அந்தச் சிவப்பு விதை கடித்து விழுங்கினால் விஷம், மறதி நோய் உள்ளவர்கள் இருக்கும் இடத்தில் அதை வீட்டுக்குள்ளேயே விடக் கூடாது. கேரம் போர்டு ஸ்டாண்டின் உயரம் சக்கர நாற்காலியின் கை உள்ளே நுழையும்படி இருக்க வேண்டும், பவுடர் தரையில் கொட்டினால் உடனே ஈரத் துணியால் துடைக்க வேண்டும், வழுக்கிவிடும்.

பாட்டுக் குழு என்றால் வயதுக் கணக்குப் பாருங்கள். இன்று எண்பதில் இருப்பவர் 1960-களில் இளைஞர். பதினைந்து இருபது வயதில் கேட்ட பாட்டு, பெயர்கள் மறந்த பிறகும் வாயில் வரும். எண்பது வயதுக்காரர் என்றாலே பஜனைதான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பக்திப் பாடல் மட்டும் போடுவது பெரிய தவறு. அங்கே கிறிஸ்தவர் இருப்பார், முஸ்லிம் இருப்பார், வாழ்நாள் முழுக்கக் கோயிலுக்குப் போகாத ஒரு கறுப்புச் சட்டைக்காரரும் இருப்பார். சினிமாப் பாட்டில் எல்லோரும் சேர்ந்துவிடுவார்கள்.

7. மருந்தும் சாப்பாடும்

மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் முதல் நாளே சிஸ்டரிடம் ஒப்படைத்து, அங்கே கொடுப்பது எது, நீங்களே வைத்திருப்பது எது என்று எழுதிக்கொள்ளுங்கள். பழைய பையில் ஒரு அட்டை மிச்சம் இருந்து, அவர்கள் கொடுப்பதையும் சாப்பிட்டு, இதையும் சாப்பிட்டு இரட்டிப்பாவது புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நடக்கிற தப்பு.

பல மெஸ்களில் இரவு ஏழு மணிக்குச் சாப்பாடு, மறுநாள் எட்டு மணிக்குச் சிற்றுண்டி. நடுவில் 13 மணி நேரம். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த இடைவெளியில் சர்க்கரை இறங்கிப்போகலாம். வீட்டில் ஒன்பது மணிக்குச் சாப்பிட்டவருக்கு எழுதிய மருந்து அளவு இங்கே பொருந்தாமல் போகும், ஆகவே சாப்பாட்டு நேரம் மாறியதை டாக்டரிடம் சொல்லி அளவைச் சரிபார்க்க வேண்டும், படுக்கும் முன் பாலோ பிஸ்கட்டோ வேண்டுமா என்றும் கேட்க வேண்டும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழ் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். விழுங்க முடியாத நிலையில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையை ஒரேயடியாகக் கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. வாரத்தில் எத்தனை நாள் கீரை போடுகிறார்கள் என்று மெஸ்ஸில் கேட்டு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிய குறையை மேஜையில் கத்தாமல் புகார் நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். 'சாம்பார் நன்றாக இல்லை' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. 'புதன் மதியம் பருப்பு வேகவில்லை, மெல்ல முடியவில்லை' என்றால் சமையல்காரருக்கு வழி தெரியும். மெஸ் கமிட்டி இருந்தால் சேருங்கள். இட்லி, ரவா உப்புமா என்று வெறும் மாவுச்சத்தாகவே போகும் காலைக்குச் சுண்டலோ முட்டையோ சேர்க்க வைப்பது அங்கேதான் நடக்கும்.

8. பிள்ளைகளுக்கு

"முதல் மாதம் போகாதீங்க, அப்பதான் பழகுவாங்க" என்று சிலர் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் விடும் குழந்தை இல்லை அவர்கள். முதல் இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்துக்குப் பேசுங்கள், பிறகு வாரம் மூன்று நாளாக்கலாம். நேரம் தவறுவது நாள் தவறுவதைவிடக் கஷ்டம், போனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் நவம்பரிலும் மார்ச்சிலும் அங்கே கடிகாரம் மாறுவதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நியூயார்க்கில் இரவு எட்டரைக்குப் பேசுகிறவரின் அழைப்பு கோடையில் இங்கே காலை ஆறுக்கு வரும், குளிர்காலத்தில் ஏழுக்கு வரும். அந்த ஒரு மணி நேரத்தில் அம்மா நாலு பேரை எழுப்பியிருப்பார்.

நேரில் வரும்போது ஓட்டலுக்கு அழைத்துக்கொண்டு போவதை மட்டும் வழக்கமாக்காதீர்கள். டைனிங் ஹாலில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், பக்கத்து மேஜைக்காரர்களிடம் பேசுங்கள். "உங்க பையன் என்னமா பேசுறார்" என்ற பேச்சு அடுத்த பத்து நாளைக்கு ஓடும்.

9. வருத்தமா, நோயா

வீட்டை விட்டு வந்த வருத்தம் யாருக்கும் இருக்கும், நாளாக ஆகக் குறையும். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பாடு இறங்காமல், தூக்கம் கெட்டு, பிடித்த எதிலும் மனம் போகாமல், 'நான் பாரம்' என்ற பேச்சாகவே இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் குழம்பிப் பேசுகிறார், ஆளை மாற்றிச் சொல்கிறார், பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருக்கிறார் என்றால் கதை வேறு. "வயசாச்சு, புது இடம், அப்படித்தான்" என்று விடவே கூடாது. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று ஏதாவது காரணம் இருக்கும். அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும், பார்த்தால் பெரும்பாலும் சரியாகும்.

10. காகித வேலை

ஆதாரில் முகவரியை மாற்றுங்கள். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8. தேர்தல் வரும்போது 85 வயது முடிந்தவர்கள் படிவம் 12டி கொடுத்து இருக்கும் இடத்திலிருந்தே வாக்களிக்கலாம்.

பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் ஒருமுறை கேளுங்கள். வருமான வரிச் சட்டப்படி பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் இல்லம் என்றால், 60 வயதுக்கு மேற்பட்டவருக்குத் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரை வரி விலக்கு உண்டு. தனியார் கம்பெனி நடத்துவதற்கு அது கிடையாது. நிர்வாகத்தோடு தீராத பிரச்சினை, சொத்து எழுதி வாங்கிக்கொண்ட பிள்ளைகளோடு தகராறு என்று எதுவானாலும் 14567 முதியோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம். போலீஸ் என்று சொல்லிக்கொண்டு, 'டிஜிட்டல் அரெஸ்ட்', அதாவது போனிலேயே கைது என்று யாராவது வீடியோவில் மிரட்டினால் வைத்துவிடுங்கள், அப்படி ஒன்று சட்டத்திலேயே இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு இருக்கிறது. இந்த நாலைந்து எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி லிஃப்ட் பக்கம் ஒட்டச் சொல்லுங்கள்.

மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு ஆயுள் சான்றிதழ் நவம்பரில், 80 வயதைத் தாண்டியவர்களுக்கு அக்டோபர் முதல் தேதியிலிருந்தே. வயதானவர்களின் விரல் ரேகை தேய்ந்திருப்பதால் கருவி பலருக்கு ஏற்காது. கையைக் கழுவித் துடைத்து வேறு விரலை வைத்துப் பாருங்கள், அதுவும் ஏற்காவிட்டால் முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் வசதி ஜீவன் பிரமாண் ஆப்பில் இருக்கிறது, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து எடுத்தால் சீக்கிரம் ஏற்கும். தபால்காரரே இருக்கும் இடத்துக்கு வந்து எடுத்துக்கொடுக்கவும் செய்வார். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆட்டோ பிடித்து வங்கிக்கு அலைவதற்குப் பதில், ஓய்வூதியர்களின் பெயர், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண், ஆதார், செல்போன் விவரங்களை அவரவர் தயாராக வைத்துக்கொள்ள, அக்டோபர் கடைசியிலேயே தபால் அலுவலகத்தில் பேசி ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். அந்த ஏற்பாட்டைச் செய்யவும் ஒருவர் வேண்டும். புதிதாக வந்து என்ன வேலை எடுப்பது என்று யோசிக்கிறவருக்கு அது பொருத்தமான வேலை.